ஏழடி தள்ளிக் கூப்பிடுதல்

ஒரு மனிதன் உண்மையில் யார் என்ற கேள்விக்கு, உலகம் தோன்றிய நாளிலிருந்து எத்தனையோ பேர் காட்டிலும் குகையிலும் உட்கார்ந்து விடை தேடியிருக்கிறார்கள். விடை கிடைத்ததென்னவோ கேளிக்கைப் பூங்காவின் இரண்டாம் நம்பர் கேட்டில். கண்டுபிடித்தவர் அங்கே டிக்கெட் கிழிக்கிறவர். கண்டுபிடிக்க உதவியது ஒரு குடை.

பூங்காவின் சட்டப்படி டிக்கெட்டில் பெயர், வயது எல்லாம் அச்சாகியிருக்கும். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் நுழையக் கூடாது. ஆனால் காலையில் ஆசை ஆசையாக வருகிற குடும்பம், பதினோரு மணிக்குள் வெயிலில் வாடி, பிள்ளை இரண்டு முறை வாந்தியெடுத்து, புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே வரும். வரும்போது, திரும்ப உள்ளே போவதற்கென்று புறங்கையில் நீல முத்திரை வாங்கிக்கொள்ளும். யாரும் திரும்ப வரமாட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நிற்கிற கைமாற்று ஆட்கள் அந்த டிக்கெட்டுகளை வாங்கி, மதியம் வருகிறவர்களுக்கு விற்பார்கள். முத்திரைக்கு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டிச் செதுக்கி வைத்திருந்தார்கள். கேட்டில் பெயர் கேட்டால் என்ன சொல்வது என்று பாடமும் நடத்தினார்கள். வாங்கியவர்கள் வரிசையில் நின்று உதட்டை அசைத்து ஒப்பித்துக்கொண்டே வருவார்கள், பரீட்சை ஹாலுக்குப் போகிற பிள்ளைகளைப் போல.

அப்படி ஒருநாள் வந்த ஒருவர் பெயர் சொன்னார், பிறந்த தேதி சொன்னார், கேட்காமலேயே தாத்தா பெயரையும் சொன்னார். சந்தேகத்துக்கே இடமில்லை. உள்ளே போனவர் குடையை ஜன்னல் கட்டையில் மறந்துவிட்டுப் போய்விட்டார். கேட்டுக்காரர் நல்ல மனிதர். டிக்கெட்டில் இருந்த பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். ஆள் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். திரும்பவில்லை. “குடைக்காரரே!” என்றதும் திரும்பினார்.

அவ்வளவுதான். கேட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. பொய்யான பெயரை வாய் சொல்லும். ஆனால் முதுகுக்கு அது தெரியாது!

மூன்று மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு பேரைப் பிடித்தார். மேனேஜர் அதை விதியாகவே எழுதிவிட்டார். விதி பதினான்கு, பிரிவு ஆ: “நுழைவோர் ஏழடி கடந்த பின்னர், சீட்டில் கண்ட பெயரை மிதமான குரலில் ஒரே ஒரு முறை அழைக்க வேண்டும். திரும்பாதோர் அவரல்லர்.” ஏழடியைக் குறிக்கத் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். கேட்டுக்காரர் உட்காரும் கூண்டுக்குக் கம்பி வலை அடித்து, உள்ளேயிருப்பவர் முகம் தெரியாதபடி கறுப்புத் துணி கட்டினார்கள். வருகிறவர்களுக்கு ஓட்டை வழியாக நீள்கிற கை மட்டும்தான் தெரியும். “முகத்தைப் பாத்தா பயந்து திரும்பிடுவாங்க. குரல் வானத்துலேருந்து வர்ற மாதிரி இருக்கணும்” என்றார் மேனேஜர்.

வானத்திலிருந்து வந்த குரல், போன மாதம் ராட்டினக்காரரின் வேலையைப் பறித்தது.

பூங்காவில் வேலை செய்கிறவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை குடும்ப பாஸ் உண்டு. அதைச் சிலர் விற்கிறார்கள் என்று புகார் வந்ததும், விதி பதினான்கு பாஸுக்கும் பொருந்தும் என்று உத்தரவு போட்டார்கள். விற்றவருக்கு அன்றைக்கே சீட்டுக் கிழியும். முதலில் மாட்டியது பெரிய ராட்டினத்தை ஓட்டுகிறவர். பதினாறு வருஷம் விசையைப் பிடித்தவர், ஒரு பிள்ளைக்குக் கீறல் பட்டதில்லை. அவர் பாஸில் அக்கா என்று போட்டு ஒரு பெண்பிள்ளை வந்தாள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஏழடி போனாள். கேட்டுக்காரர் கூப்பிட்டார். எருமை மேல் மழை பெய்த மாதிரி போய்க்கொண்டே இருந்தாள். காவல்காரப் பெண் ஓடிப்போய்ப் பின்னாலிருந்து கையைப் பிடித்து, அப்படியே பக்கவாட்டு வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

விசாரணையில் ராட்டினக்காரர் மேனேஜர் காலில் விழாத குறை. “சார், அவ எங்கூடப் பொறந்தவ சார். வீட்டுல யாரும் அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ‘பாப்பா’ன்னு கூப்பிட்டுப் பாருங்க, திரும்புவா.”

“அந்தம்மாவுக்கு வயசு என்னய்யா?”

“அம்பத்தி மூணு சார்.”

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஸ்டோர் கீப்பருக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “விதியில ஒரே ஒரு முறைன்னு போட்டிருக்குய்யா. பாப்பா, தாத்தான்னு ஒவ்வொண்ணா கூப்பிட்டுப் பாக்கவா சொல்லியிருக்கு?” என்றார். ராட்டினக்காரர் யாரையும் பார்க்காமல் சீருடைத் தொப்பியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் கேட்டுக்காரர் இதை வீட்டில் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடைத் துணியை மொத்தமாக வாங்கித் தைத்துக் கொடுக்கிறவள். அறையில் பாதியைத் துணி மூட்டையும், மீதியில் பாதியை மெஷினும் அடைத்துக்கொண்டிருந்தன. ஒரே மகள் நர்ஸ் படிப்புக்கு விடுதியில் இருந்தாள். மெஷின் ஓடிக்கொண்டேயிருந்தது, ‘பாப்பா’ என்ற இடத்தில் நின்றது.

“நீங்களும் சிரிச்சீங்களா?”

“எல்லாரும் சிரிச்சாங்க.”

“எல்லாரையும் கேக்கல. உங்களைக் கேட்டேன்.”

“கொஞ்சமா.”

“கொஞ்சமான்னா எப்படி? பல்லு தெரிஞ்சிச்சா, தெரியலையா?”

“இப்ப உனக்கு என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம். பதினாறு வருசம் அந்த மனுசன் உங்ககூட ஒரே பெஞ்சில உக்காந்து சோறு தின்னாரு. அக்கான்னு சொன்னா அக்காதான். இதுக்கு எதுக்கு ஏழடி?”

“உனக்குச் சட்டம் தெரியாது. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்.”

“எனக்கு எங்க தெரியப்போவுது? அக்குளுக்கு அரை அங்குலம் கூட விட்டுத் தைக்கணும்னுதான் தெரியும். கையைத் தூக்குனா கிழியக் கூடாது பாருங்க.” மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. தட்டில் சோறு வைத்து மூடியிருந்தது. அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு கேட்டுக்காரருக்கு ஒரு தொல்லை பிடித்தது. கேளிக்கைப் பூங்காவில் நாள் முழுக்க எந்த வார்த்தை காதில் விழும்? “பாப்பா, ஓடாதே.” “பாப்பா, தொப்பியப் போடு.” “பாப்பாவை யார் தூக்குறது, நான் மட்டும்தான் தூக்கணுமா?” ஒரு நாளைக்கு இருநூறு தடவை. ஒவ்வொரு தடவையும் அவர் கிழிக்கிற டிக்கெட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். மதியச் சாப்பாட்டு பெஞ்சில் அவருக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. நெருக்கடியான நேரத்தில் கூட அங்கே யாரும் உட்காரவில்லை. ராட்டினத்துக்கு வந்த புது ஆள் விசையை வெடுக்கென்று இழுக்க, மேலே பிள்ளைகள் வீரிட்டு அலறுவது கூண்டு வரைக்கும் கேட்டது. சந்தோஷத்தில் கத்துகிறார்கள் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சரியாகத்தான் பிடித்தோம், முதுகு பொய் சொல்லாது என்றும் சொல்லிக்கொண்டார். நாளாக ஆக, அதை உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நேரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி, முறையை நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. மற்ற ஊர்ப் பூங்காக்களிலும் இதைக் கொண்டுவரப் போகிறார்களாம். மேனேஜர் நிலைகொள்ளாமல் தவித்தார். மஞ்சள் கோட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். பரீட்சைச் சமயம், கூட்டம் குறைவாக இருக்கும் என்பதால், வரிசை நீளமாகத் தெரிய வேண்டுமென்று ஊழியர் குடும்பங்களை அன்றைக்கே பாஸில் வரச் சொன்னார்கள்.

மனைவி வருவதாகச் சொன்னபோது கேட்டுக்காரருக்கே ஆச்சரியம். “நீயா? பூங்கா வேணாம், தையல் கெடக்குன்னு சொல்லுவியே.”

“தண்ணி அலையடிக்கிற குளம் இருக்காமே. கால வச்சிட்டு வந்துடுறேன். உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?”

“எனக்கென்ன? பாஸ் இருக்கு, வா.”

அதிகாரி வந்தார். கூண்டுக்குள் கேட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அதிகாரிக்கு வியர்த்தது, மேனேஜர் வெளியே நின்று ஒரு கோப்பால் வலை வழியாக விசிறினார். முதல் பதினைந்து பேரும் கூப்பிட்டதும் ஒழுங்காகத் திரும்பினார்கள். அதிகாரி கொட்டாவியை மென்று விழுங்கினார். மேனேஜருக்கு முகம் சுண்டிப்போயிற்று. நல்லவர்களாகவே வந்துகொண்டிருந்தால் முறையை எப்படிக் காட்டுவது?

பதினாறாவதாக ஓட்டையில் ஒரு கை நீண்டது. ஆள்காட்டி விரல் நுனி ஊசி குத்திக் காய்த்துப் போயிருந்தது. வெளியேயிருந்து மெதுவாக, “நான்தாங்க” என்றது குரல்.

பக்கத்தில் அதிகாரி. கேட்டுக்காரர் பாஸைக் கிழித்து, “அடுத்து” என்றார்.

அவள் நடந்தாள். புதுச் செருப்பு கடித்ததில் இடது காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்தாள். மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அதிகாரிக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று கேட்டுக்காரருக்குத் தோன்றியது. முடித்துவிட்டு, ‘அது என் மனைவிதான் ஐயா’ என்று அடக்கமாகச் சொல்லவும் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். பாஸில் இருந்த பெயரை, மிதமான குரலில், ஒரே ஒரு முறை கூப்பிட்டார்.

நாக்கில் அந்தப் பெயர் விருந்தாளி செருப்பை மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் அட்டையில் எழுதியதுண்டு.

அவள் திரும்பவில்லை. ஒரு கணம் நடை தயங்கிற்று. பிறகு முன்னைவிட வேகமாக நடந்தாள்.

“ஆஹா!” என்று அதிகாரி எழுந்துவிட்டார். மேனேஜர் கோப்பைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். அவர் தட்டியதும் காவல்காரர்கள் தட்டினார்கள், அவர்களைப் பார்த்து வரிசையில் நின்றவர்களும் எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள். “பிரமாதம்! பிரமாதம்!” என்று அதிகாரி கேட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். காவல்காரப் பெண் ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் திரும்பினாள். நேராகக் கூண்டைப் பார்த்தாள். அவளுக்குக் கறுப்புத் துணிதான் தெரிந்திருக்கும். அவருக்கு அவள் முகம், நெற்றி வியர்வை வரைக்கும் தெரிந்தது.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. அதிகாரி கையைப் பிடித்திருந்ததால் எழுந்து போக முடியவில்லை என்று பிற்பாடு அவர் சொன்னார். அதிகாரி கையை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

விசாரணை அறை என்பது கரடி, முயல், வாத்து வேஷங்களின் தலைகளை அடுக்கி வைக்கிற இடம். அதிகாரி கார் ஏறிய பிறகு கேட்டுக்காரர் அங்கே போனார். அவள் கரடித் தலைக்குக் கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துக் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் கிழிந்த பாஸை ஒட்டவைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க, விஞ்ஞானி!” என்றார் மேனேஜர். “நானும் யார் பாஸ்னு பாக்குறேன், நம்பர் உம்ம நம்பர்! உம்ம பாஸை நீரே வித்துட்டு, அதை நீரே புடிச்சும் கொடுத்திருக்கீரே, உம்மோட நேர்மைய என்னான்னு சொல்றது?”

“சார், அது என் சம்சாரம்.”

“ராட்டினக்காரரும் இதையேதான்யா சொன்னாரு.”

“சத்தியமா சார்.”

“சத்தியமும் பண்ணாரு.”

அவள் குதிகாலிலிருந்து கண்ணெடுக்காமல், “இவருக்குப் பிடரியில இடது பக்கம் மரு இருக்கு. காலர் மறைக்கும். வேணும்னா பாத்துக்குங்க” என்றாள்.

மேனேஜர் எழுந்து வந்து, கேட்டுக்காரரின் காலரைத் தள்ளிப் பார்த்தார். மரு இருந்தது. மறுபடி போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வாத்துத் தலையைப் பார்த்தார்.

“ஏம்மா, கூப்பிட்டா திரும்ப வேண்டியதுதானே? காது கேக்காதா?”

“கேட்டுச்சு சார். இவரு குரல்தான்னும் தெரிஞ்சிச்சு.”

“அப்புறம்?”

“என்னையக் கூப்பிடுறாருன்னு எனக்கெப்படித் தெரியும்? எம்பேரு உள்ள எவளோ ஒருத்தி மாட்டிக்கிட்டா, ஐயோ பாவம்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா அவளுக்கு இன்னும் அவமானமா இருக்குமேன்னு வெரசா நடந்துட்டேன்.”

வெளியே ராட்டினத்தில் பிள்ளைகள் அலறுவது கேட்டது. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. உங்க விஷயம் வேற. உங்களையே நீக்கினா அப்புறம் விதி நிக்காது. அதிகாரி வேற குறிச்சிட்டுப் போயிருக்காரு, ஆள் புடிபட்டாச்சுன்னு. ஊர் பேர் தெரியாத ஒரு பொம்பளன்னு எழுதிக்கிறேன். அம்மா குளத்தைப் பாத்துட்டு வீட்டுக்குப் போகட்டும். என்ன சொல்றீரு?”

கேட்டுக்காரருக்கு உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. தலையாட்டத் தலையைத் தூக்கியும்விட்டார். அப்போது மனைவி அவரைப் பார்த்தாள்.

“அப்ப அந்தப் பாப்பா?” என்றாள்.

தூக்கிய தலை அப்படியே நின்றது.

“யாரும்மா பாப்பா?” என்றார் மேனேஜர். பிறகு ஞாபகம் வந்து, சிரிக்க ஆரம்பித்து, இந்தத் தடவை கூடச் சிரிக்க ஆளில்லாததால் பாதியில் நிறுத்தினார்.

“சார்,” என்றார் கேட்டுக்காரர். குரல் மிதமாகக்கூட வரவில்லை. “அவங்களும் நெசமாவே அக்காதான் சார். எனக்கு அப்பவே… அப்பவே கொஞ்சம் தோணுச்சு.”

“தோணுச்சுன்னா ஏன்யா சொல்லல?”

“நூத்திப் பன்னெண்டு பேரப் புடிச்ச சந்தோஷத்துல இருந்தேன் சார்.”

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பேரம் நடந்தது. முறை தவறு என்று எழுதித் தருகிறேன் என்றார் கேட்டுக்காரர். ‘தவறு’ என்ற சொல் கோப்பில் ஏறக் கூடாது என்றார் மேனேஜர். கடைசியில், “சில நேர்வுகளில் அழைக்கப்படுவோருக்கும் அழைப்புக்கும் இடையே அறிமுகக் குறைவு காணப்படுகிறது” என்று எழுதி, கேட்டுக்காரர் அதில் கையெழுத்துப் போட்டார். அதோடு அந்த அக்காவே, வீட்டில் தன்னை வேறு பெயரில் அழைப்பார்கள் என்று மனுக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், திங்கட்கிழமையே ராட்டினக்காரரை வேலைக்கு எடுத்துக்கொள்வதாக மேனேஜர் ஒத்துக்கொண்டார். புது ஆள் ஓட்டுவதில் இரண்டு பெற்றோர் புகார் கொடுத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

“மனுவை ஆள்கிட்ட குடுத்து அனுப்பவா?” என்றார் மேனேஜர்.

“அவரே கொண்டுபோவாரு” என்றாள் மனைவி. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போனாள். குளத்தில் கால் வைக்கவில்லை. பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கையில் சேர்ந்துதான் போனார்கள். வழி நெடுக அவர் என்ன பேச்சைத் தொடங்குவதென்றாலும், முதலில் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தொடங்காமலே விட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தூறிக்கொண்டிருந்தது. மனுவை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, ராட்டினக்காரர் வீட்டுத் தெருவைக் கண்டுபிடித்தார். போகும் வழியெல்லாம் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தார். ‘அக்கா, உங்களைக் கூப்பிட்டது நான்தான். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க.’ ஏழே வார்த்தைதான். மூன்றாவது மாடி. படியில் யாரோ கால் தடுக்கி விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அந்த யாரோ தானாக இருந்தாலும் பரவாயில்லை.

கதவைத் திறந்தவள் அவள்தான். அவருக்கு அவள் முதுகு நன்றாக ஞாபகம் இருந்தது. முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்த்தார். வட்ட முகம். கன்னத்தில் குழி. பாப்பா என்று கூப்பிட்டிருக்கலாம்.

“தம்பி இல்லீங்களே. செங்கச் சூளையில லாரிக்கு ஏத்தப் போயிருக்கான். நீங்க?”

“பார்க்குலேருந்து வர்றேன்.”

அவள் முகம் இறுகியது. அவர் அவசரமாக மனுவை எடுத்து நீட்டி, திங்கட்கிழமை, வேலை, கையெழுத்து என்று மூன்று விஷயத்தையும் ஒரே மூச்சில் சொன்னார். அவள் நம்பவில்லை. இரண்டாவது முறை சொன்னதும், சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்க தம்பி, உக்காருங்க. நனைஞ்சி போய் வந்திருக்கீங்களே. இருங்க, டீ வைக்கிறேன்.”

“டீ எல்லாம் வேணாங்க்கா.”

“அட, உக்காருங்க. என்னால அவன் வேல போச்சுன்னு நான் ஒரு மாசமா ஒழுங்கா சோறு திங்கல. மாமனாரு வீட்டுலயும் பாப்பா, ஆஸ்பத்திரியிலயும் பாப்பா, எம்பேரே எனக்கு மறந்துபோச்சு தம்பி. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு கூப்பிட்டதுதான் கடைசி. யாரோ எவளையோ கூப்பிடுறான்னு நான் பாட்டுக்குப் போறேன். திரும்பியிருந்தா அவன் இப்படிக் கல்லு சொமப்பானா? முதுகெல்லாம் தோலு உரிஞ்சி கெடக்கு.”

அவள் டீயைக் கையில் கொடுத்தாள். டம்ளர் சுட்டது. அவர் கீழே வைக்கவில்லை.

“நான்தாங்க்கா…” என்று ஆரம்பித்தார்.

“நீங்கதான் பேசி முடிச்சீங்களா? தெரியும் தம்பி, மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. மேனேஜரக்கூட நான் குத்தம் சொல்லமாட்டேன். அந்தக் கூண்டுல ஒளிஞ்சி உக்காந்து கூப்பிட்டான் பாருங்க, அவன்! மனுசன்னா முன்னால வந்து மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்கணும். பின்னாலேருந்து கூப்பிடுறவன் எப்படித் தம்பி நல்லவனா இருப்பான்? என்ன சொல்றீங்க?”

“ஆமாங்க்கா,” என்றார் கேட்டுக்காரர்.

அவள் மனுவைச் சுவரில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். நடுவில் ஒரு எழுத்து சந்தேகமாகி, அவரையே கேட்டாள். அந்தப் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னார்.

படியில் இறங்கும்போது அவள் கைப்பிடி வரை வந்து எட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவு பண்ணியிருக்கீங்க, உங்க பேரக் கேக்கவே மறந்துட்டேன் பாருங்க. தம்பி வந்தா யாரு வந்ததுன்னு சொல்லணுமில்ல. உங்க பேரு என்ன தம்பி?”

அவர் ஏழு படி இறங்கியிருந்தார். நின்று, திரும்பிப் பார்த்து, ஸ்டோர் கீப்பரின் பெயரைச் சொன்னார்.